வாழ்த்து அட்டையில் ஒட்டும் வண்ணத் தாள் சுருங்காமலிருக்க வழி கூறுங்கள்

அனைவருக்கும் வணக்கம். 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம் எடை) கனமுள்ள அட்டையின் முகப்பில் பூவேலைப்பாடு அச்சிட்ட மெல்லிய தாளை ஒட்டி வாழ்த்து அட்டைகள் செய்து வருகிறேன். வெள்ளைப் பசையில் உள்ள நீரை உறிஞ்சித் தாள் விரிவதால், ஒட்டிய சிறிது நேரத்தில் நடுவே கொப்புளங்கள் எழும்புகின்றன. காய்ந்து சுருங்கும்போது அட்டையின் ஓரங்களும் முகப்புப் பக்கமாக வளைந்துவிடுகின்றன. இருபக்க ஒட்டுநாடாவில் இந்தத் தொல்லை இல்லை என்றாலும், ஒருமுறை வைத்த தாளை நகர்த்திச் சரிசெய்ய முடிவதில்லை. கட்டம் போட்ட தாள்களில் இம்மியளவு சாய்வுகூடக் கண்ணை உறுத்துகிறது. அட்டை, தாள் இரண்டின் இழையோட்டமும், அதாவது அவற்றிலுள்ள நாரிழைகள் ஓடும் போக்கும், ஒரே திசையில் அமைந்தால் வளைவு குறையும் என்பதை அறிவேன். ஆனால் சிறு துண்டுகளில், நனைக்காமலும் கிழிக்காமலும், அத்திசையை எவ்வாறு கண்டறிவது? மடிப்புக் கோட்டில் அச்சு வெடித்து வெள்ளை தெரியாமலிருக்கும் முறையையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் நன்றியுடையேன்.