கூட்டமில்லாத மலையூரில் முதல் பனிச்சறுக்கு: ஓசுவாவா, போன்வாலா?

மேகலை (கேள்வி)

பிரான்ஸ் ஆல்ப்ஸில் ஒரு வாரம் தங்கப் போகிறோம். அடுக்குமாடிகள் எழும்பிய பெரிய ஸ்கீ நகரம் வேண்டாம். கல்வீடுகளும் ஒரு கோயில் மணிக்கூண்டுமாக இருக்கிற சின்ன ஊர் போதும். பெரியவர்கள் நாலு பேர், ஏழு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி. பெரியவர்களில் ஒருவர் சற்றுக் கடினமான சிவப்புப் பாதையில் தாராளமாக இறங்குவார். மற்ற எல்லாரும் பனியில் கால் வைத்ததே இல்லை. கார் கிடையாது, பாரிஸிலிருந்து ரயிலில் வருவோம். தேதியை மாற்றிக்கொள்ள முடியும். மோரியென் பள்ளத்தாக்கில் ஓசுவா, போன்வால்-சுர்-ஆர்க் என்ற இரண்டு பெயர்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. எது எங்களுக்குச் சரி? இரண்டு பேர் சைவம், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தென்சரிவு

தேதியை மாற்ற முடியும் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது, மேகலை. பிரான்ஸில் பள்ளிக் குளிர்கால விடுமுறையை ஏ, பி, சி என மூன்று மண்டலங்களாகப் பிரித்து விடுகிறார்கள். பிப்ரவரி தொடங்கி மார்ச் முதல் நாட்கள் வரை நாலு வாரம் அது நீளும். பாரிஸ் சி மண்டலம். அந்த நாலு வாரத்தில் எவ்வளவு சின்ன ஊராக இருந்தாலும் அமைதியை எதிர்பார்க்க வேண்டாம். வகுப்பு, வாடகை, அறை எல்லாம் முன்பே நிரம்பிவிடும். புத்தாண்டு விடுமுறை முடிந்ததிலிருந்து ஜனவரி கடைசி வரை, அல்லது மார்ச் நடுப்பகுதி. இந்த இரண்டில் ஒன்றைப் பிடியுங்கள்.

நான் ஓசுவாதான் சொல்வேன். ஊர் 1500 மீட்டரில் இருக்கிறது, சறுக்குவோரை மேலே ஏற்றும் லிஃப்டுகள் 2750 மீட்டர் வரை போகின்றன. சரிவுகள் தெற்கு பார்த்தவை. புதிதாகக் கற்பவர் ஒரு நாளில் பாதி நேரம் நின்றுகொண்டும் விழுந்துகொண்டும்தான் இருப்பார். ஜனவரியில் அந்த நேரம் முழுக்க நிழலில் கழிந்தால் விரல் மரத்து, குழந்தை மூன்றாம் நாள் பூட்ஸ் போடவே மறுத்துவிடும். வெயில் விழும் சரிவு அந்த வயதுக்குப் பெரிய உதவி.

பாரிஸ் கார் த லியோனிலிருந்து மோதானுக்கு நேரடி தெஜேவே (அதிவேக ரயில்) உண்டு, நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். மோதானிலிருந்து ஓசுவா பக்கம்தான், பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் வந்துவிடும். போன்வால் அதே பள்ளத்தாக்கின் கடைக்கோடி, ஏறக்குறைய 45 கிலோமீட்டர். பேருந்து நேரத்தைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற ரயிலை எடுங்கள். ரயிலை முதலில் எடுத்துவிட்டுப் பேருந்து தேடினால் மாலை நேரத்தில் மோதானிலேயே தங்க நேரலாம்.

மனம் மாறி வாடகைக் கார் எடுத்தால் ஒரு விஷயம். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மலை மாவட்டங்களில் நாலு சக்கரத்துக்கும் குளிர்கால டயர், அல்லது வண்டியில் டயருக்கு மாட்டும் பனிச்சங்கிலி, கட்டாயம். டயரின் பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலையும் நடுவில் பனித்துகளும் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். எம், எஸ் எழுத்துகள் மட்டும் போட்ட டயரை 2024 நவம்பரிலிருந்து ஏற்பதில்லை.

குழந்தைக்கு பிரெஞ்சு ஸ்கீ பள்ளியின் குழு வகுப்பு, ஞாயிறோ திங்களோ தொடங்கி வெள்ளி வரை. ஊர்சோன், ஃப்ளோக்கோன், பிறகு நட்சத்திரங்கள் என்று படிகள் உண்டு. வாரக் கடைசியில் பதக்கம் குத்துவார்கள். பெரியவர்களும் முதல் மூன்று நாளாவது வகுப்பில் சேருங்கள். சிவப்புப் பாதையில் இறங்கத் தெரிந்தவர் கற்றுத் தருவார் என்று நம்ப வேண்டாம். இறங்கத் தெரிவது வேறு, விழுகிறவரின் எடை எந்தக் காலில் தவறாக நிற்கிறது என்று கண்டுபிடிப்பது வேறு.

லொம்பார்த் காற்று

தென்சரிவு சொன்னது ஜனவரிக்குப் பொருந்தும், மார்ச்சுக்கு அல்ல. தெற்குச் சரிவில் மார்ச் வெயில் பட்டால் காலையில் கண்ணாடி போல வழுக்கும், மதியத்துக்குப் பின் கீழ்ப்பகுதி கூழ். புதியவர் அந்தக் கூழில் ஸ்கீயைத் திருப்பும்போது முனை புதைந்துகொள்ளும், உடல் மட்டும் திரும்பும். முழங்கால் தசைநார் போவது பெரும்பாலும் இப்படி மெதுவாக, முறுக்கிக்கொண்டு விழும்போதுதான். மார்ச் நடுவில் போவதென்றால் போன்வால். ஊரே 1800 மீட்டர், மேல் எல்லை 3000. கல் பலகைக் கூரை வேய்ந்த பழைய ஊருக்குள் வண்டி கிடையாது. இசெரான் கணவாய்ச் சாலை குளிர்காலம் முழுக்க மூடியிருப்பதால் அதற்கு மேல் போக வழியும் இல்லை. நீங்கள் கேட்ட அமைதி அங்கே இருக்கிறது.

அதற்கு ஒரு விலையும் உண்டு. ஜெனோவா வளைகுடாவில் காற்றழுத்தம் தாழ்ந்தால் இத்தாலியப் பக்கத்து ஈரக்காற்று எல்லை முகடுகளைத் தாண்டி இந்தப் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் பனியைக் கொட்டும். இங்கே இதை 'கிழக்குத் திரும்பல்' என்பார்கள், காற்றுக்குப் பெயர் லொம்பார்த். மேற்கே உள்ள ஸ்கீ ஊர்களில் வெயில் அடிக்கும்போதே போன்வாலில் ஒரே இரவில் இடுப்பளவு விழலாம். அப்போது மேல் நாற்காலி லிஃப்டுகள் நிற்கும்; பனிச்சரிவு அபாயத்தால் பெசானுக்கும் போன்வாலுக்கும் இடையே சாலையையும் மூடுவார்கள். சின்ன ஊரில் ஒரு லிஃப்ட் நின்றால் அதற்கு மாற்று இல்லை. ஊர் திரும்பும் ரயிலுக்கும் விமானத்துக்கும் நடுவில் ஒரு முழு நாள் விடுங்கள். இரண்டு வேளைக்கான சாமான் அறையில் எப்போதும் இருக்கட்டும்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாதையில் அடிபட்டால் பனிச்சறுக்குக் காவலர் இழுத்து வரும் செலவை ஊராட்சி உங்களிடம்தான் வாங்கும். தூரத்தைப் பொறுத்துச் சில நூறு யூரோ ஆகும், ஹெலிகாப்டர் என்றால் இன்னும் அதிகம். மருத்துவக் காப்பீட்டு அட்டை இதற்கு உதவாது. லிஃப்ட் சீட்டு வாங்கும்போதே நாள் கணக்கில் 'காரே நேஜ்' போன்ற காப்பீட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். சில வங்கி அட்டைகளில் ஏற்கெனவே இருக்கும், பயணத்துக்கு முன் படித்துப் பாருங்கள்.

பாதையோரக் கம்பங்களில் எண் இருக்கும். மேலிருந்து கீழே வரவர எண் குறையும். இறங்கும்போது வலப்பக்கத்துக் கம்பத்தின் தலையில் ஆரஞ்சுப் பட்டை. மூடுபனியில் பாதையின் எந்த ஓரத்தில் நிற்கிறோம் என்று அந்தப் பட்டைதான் சொல்லும். யாராவது விழுந்து எழ முடியாவிட்டால், அவருக்கு மேலே சில மீட்டர் தள்ளி இரண்டு ஸ்கீயைப் பெருக்கல் குறியாகக் குத்தி வையுங்கள். 112-ஐ அழைத்துப் பாதையின் பெயரையும் கம்ப எண்ணையும் சொல்லுங்கள். "பெரிய மரத்துக்குப் பக்கத்தில்" என்றால் யாருக்கும் விளங்காது.

இன்னொன்று, எழுத்துக்கு எழுத்து மனதில் வையுங்கள். சின்ன ஊரில் பாதை வீட்டு வாசலருகே வந்து முடியும். இரவில் குழந்தையைச் சறுக்குத் தட்டில் வைத்து இழுத்துப் போக ஆசை வரும். போகாதீர்கள். லிஃப்ட் மூடியதும் பனி சீராக்கும் இயந்திரங்கள் வேலையைத் தொடங்கும். செங்குத்தான இடங்களில் அவை எஃகு வடத்தில் கட்டி ஏறும், வடம் பல நூறு மீட்டர் நீளும். தளர்ந்து பனியில் கிடக்கிற வடம் ஒரு நொடியில் விறைத்து இடுப்பு உயரத்துக்குத் துள்ளும். இருட்டில் அது தெரியாது, உயிர்ச்சேதம் நடந்திருக்கிறது. சறுக்குத் தட்டுக்கென்று தனி இடம் ஒதுக்கியிருப்பார்கள், அங்கே மட்டும்.

மேகலை

இருவருக்கும் நன்றி. ஜனவரி மூன்றாம் வாரம், ஓசுவா என்று முடிவெடுக்கிறோம். வாடகைக் கடையில் எதைக் கேட்க வேண்டும், எதைச் சொல்ல வேண்டும்? இழுவை லிஃப்டைப் பற்றி எல்லாரும் பயமுறுத்துகிறார்கள், அதையும் விளக்குங்கள்.

கொக்கி

பூட்ஸில்தான் வாரமே நிற்கிறது அக்கா, ஸ்கீயில் அல்ல. அளவு மோந்தோபாயிண்ட் என்ற கணக்கு, பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில். 26 செ.மீ. பாதத்துக்கு 26 அல்லது 26.5. நின்றால் கட்டைவிரல் முன்பக்கம் லேசாக முட்ட வேண்டும். முழங்காலை முன்னே மடித்தால் விலக வேண்டும். சந்தேகம் இருந்தால் உள்ளுறையை உருவிவிட்டு பூட்ஸின் வெறும் பிளாஸ்டிக் ஓட்டில் காலை வைத்து விரலை முன்னே ஒட்டுங்கள். குதிகாலுக்குப் பின் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி சரி. மூன்று என்றால் பெரிது. புதியவர்கள் எல்லாருமே "இறுக்குகிறது" என்று சொல்லி ஒரு அளவு பெரிதாக வாங்கிவிடுவார்கள். பிறகு குதிகால் தூக்கும். அதை அடக்கக் கொக்கியை இறுக்குவார்கள், பாதத்தின் மேல்புறம் நசுங்கி ரத்த ஓட்டம் குறையும், விரல் மரக்கும். பெரிய பூட்ஸ்தான் கால் குளிர்வதற்கு முதல் காரணம்.

முழங்கால் உயர காலுறை ஒன்றே ஒன்று, மெல்லியது. இரண்டு போட்டால் சுருக்கம் விழும், வியர்வை தங்கும். உள்ளே போடும் கம்பளிக் கால்சட்டையின் நுனியைக் கூடப் பூட்ஸுக்குள் விடாமல் மேலே சுருட்டி வையுங்கள். மாட்டும்போது குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டிப் பின்னே தள்ளுங்கள். கணுக்கால் கொக்கியை முதலில், அடுத்து மேல் கொக்கி, பட்டை, கடைசியாக விரல் பக்கத்துக் கொக்கிகளை விழாமல் நிற்கிற அளவுக்கு மட்டும். இரவு பூட்ஸைக் குளிர்ந்த அலமாரியில் விட்டால் காலையில் பிளாஸ்டிக் இறுகிக் கால் நுழையாது. அறைக்குள் வையுங்கள், ஆனால் ஹீட்டர் மேல் வேண்டாம்.

ஸ்கீ நீளம் நிற்கும்போது தாடைக்கும் மூக்குக்கும் நடுவில் வந்தால் போதும். பூட்ஸை ஸ்கீயோடு பிடித்திருக்கும் பைண்டிங் எந்த அழுத்தத்தில் கழல வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாக நீளம், சறுக்கும் திறமை ஆகியவற்றை வைத்துக் கணக்கிடுகிறார்கள். கூச்சப்பட்டு எடையைக் குறைத்துச் சொன்னால் சும்மா திரும்பும்போதே கழன்றுகொள்ளும். திறமையைக் கூட்டிச் சொன்னால் விழும்போது கழலாது, அடி முழங்காலில் இறங்கும். இரண்டாம் நாள் பூட்ஸை வேறு அளவுக்கு மாற்றினால் ஸ்கீயையும் கூடவே எடுத்துப் போங்கள். ஓட்டின் நீளம் மாறினால் பைண்டிங்கைத் திரும்பச் சரிசெய்தே ஆக வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இழுவை லிஃப்டுக்கு வருகிறேன். கம்பி நுனியில் ஒரு வட்டத் தட்டு, அவ்வளவுதான். ஊன்றுகோல் இரண்டையும் ஒரே கையில் பிடியுங்கள், மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். ஸ்கீ இரண்டும் நேராகத் தடத்தில். தட்டைத் தொடைகளுக்கு இடையே விட்டுப் பின்னால் தள்ளிவிட்டு, நின்றபடியே காத்திருங்கள். சில நொடி ஒன்றும் நடக்காது, பிறகு சுருள்வில் விடுபட்டுச் சட்டென இழுக்கும். அந்த இழுப்புக்கு முழங்கால் மடிந்திருக்க வேண்டும். உட்காராதீர்கள். அது இருக்கை இல்லை, உங்கள் எடையைத் தாங்காது, கம்பி நீண்டு நீங்கள் தரையில் இருப்பீர்கள். வழியில் விழுந்தால் கம்பியை உடனே விட்டுவிட்டுத் தடத்தை விட்டு உருண்டு விலகுங்கள், பின்னாலேயே ஆள் வருவார். பிடித்துக்கொண்டு இழுபடுவதுதான் ஆபத்து. மேலே போனதும் கம்பியைச் சற்று இழுத்துத் தட்டை உருவி, தூக்கி எறியாமல் விட்டுவிட்டு, நிற்காமல் பக்கவாட்டில் நகருங்கள்.

நாற்காலி லிஃப்டில் 1.25 மீட்டருக்குக் குறைவான குழந்தை பெரியவர் துணையோடுதான் ஏற வேண்டும். ஏழு வயதுக்காரி அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கலாம். வகுப்பில் ஆசிரியர் பார்த்துக்கொள்வார். வகுப்புக்குப் பிறகு நீங்கள் மூவரும் இன்னும் நாற்காலியில் ஏறத் தெரியாதவர்கள் என்பதால், சிவப்புப் பாதைக்காரர்தான் அவளோடு உட்கார வேண்டும். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். பட்டை நாற்காலியில் சிக்கினால் இறங்க முடியாது.

அடுப்படி

சாப்பாடும் அறையும். வாடகை வீடுகள் பெரும்பாலும் சனி முதல் சனி. மாலை 4 மணிக்கு மேல் சாவி, கிளம்பும் நாளில் 10 மணிக்குள் காலி. படுக்கை விரிப்பும் துண்டும் பல வீடுகளில் தனிக்கட்டணம். கடைசித் துப்புரவும் அப்படியே, செய்யாவிட்டால் முன்பணத்தில் பிடிப்பார்கள். சின்ன ஊரில் மளிகைக் கடை மதியத்தில் பல மணி நேரம் அடைத்திருக்கும். பருப்பு, மசாலா, கொஞ்சம் அரிசி கையோடு கொண்டு வாருங்கள்.

1500 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு குழைய மாட்டேன் என்கும். சின்ன குக்கர் இருந்தால் நல்லது, ஆனால் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பா என்று கேட்டுவிட்டு அதற்கேற்ற அடியுள்ள குக்கரை எடுங்கள்.

சைவர்களுக்கு: உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்துச் சுடும் தார்த்திஃப்லெத்தில் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். உருக்கிய சீஸான ராக்லெத்தோடு இறைச்சித் தட்டு வரும், அது இல்லாமல் கேட்கலாம். ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடும் சீஸ் குழம்பான சவுவா ஃபோன்டுயூவில் வெள்ளை ஒயின் சேரும். குரோசே என்ற சின்னச் சதுரப் பாஸ்தாவைச் சீஸோடு 'சான் லார்தோன்' என்று கேட்டால் இறைச்சி இல்லாமல் தருவார்கள். அதில் முட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். கடும் சைவம் என்றால் போஃபோர் சீஸுக்குக் கன்றின் இரைப்பை நொதி சேர்க்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தென்சரிவு

ஓசுவா, ஜனவரி என்று முடிவானதால் ஒரு சேர்க்கை. காலை 9 மணிக்குத் தெற்குச் சரிவும் இரவு உறைந்தபடி கெட்டியாகவே இருக்கும். வகுப்பை நீங்களே தேர்ந்தெடுக்க முடிந்தால் பெரியவர்களுக்குப் பிற்பகலை எடுங்கள். வெயில் ஏறிய பனியில் ஸ்கீ விளிம்பு பிடிக்கும், விழுந்தாலும் அடி குறைவு. வெண்பனி புற ஊதாக் கதிரை 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும் என்பதால் மூக்கின் அடிப்பக்கம், காது, தாடையின் கீழ் எல்லாம் பூச்சு தேவை. நம் நிறத்துக்கு வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள், உதடு முதலில் வெடிக்கும்.