இன்டராக்‌ஷன் சிக்னிஃபிகன்ட், ஆனா போஸ்ட் ஹாக்ல ஒண்ணுமே இல்ல?

ஸ்டாட்ஸ் தெரிஞ்சவங்க யாராவது கொஞ்சம் உதவுங்க ப்ளீஸ், ரெண்டு நாளா மண்டை காயுது. எம்எஸ்ஸி சைக்காலஜி ப்ராஜெக்ட், மொத்தம் 80 பேர், க்ரூப்புக்கு 20. படிச்சதும் தூங்கினவங்க / முழிச்சிருந்தவங்க, மனப்பாடம் பண்ணது வார்த்தையா படமா, இப்படி 2x2 அனோவா (நாலு க்ரூப்போட சராசரிய ஒப்பிடற டெஸ்ட்). ரெண்டு மெயின் எஃபெக்ட்டும் (தூக்கம் தனியா, வார்த்தை/படம் தனியா தர்ற தாக்கம்) சிக்னிஃபிகன்ட்டா வரல. இன்டராக்‌ஷன் (தூக்கத்தோட தாக்கம் வார்த்தைக்கும் படத்துக்கும் வேற வேறயா இருக்கறது) மட்டும் வந்துது: எஃப்(1, 76) = 4.12, பி 0.046 (0.05க்கு கீழ இருந்தா சிக்னிஃபிகன்ட்), பார்ஷியல் ஈட்டா ஸ்கொயர், அதாவது தாக்கத்தோட அளவு, 0.05. சந்தோஷமா கிராஃப் போட்டா ரெண்டு கோடும் அழகா எக்ஸ் மாதிரி வெட்டிக்குது.

அப்புறம் தான் வினையே, போஸ்ட் ஹாக்ல நாலு க்ரூப்ப ரெண்டு ரெண்டா ஒப்பிட்டு ஆறு ஜோடியையும் பான்ஃபெரோனி கரெக்‌ஷன் (நிறைய டெஸ்ட் பண்றதால பி எல்லைய கடுமையாக்கறது) போட்டு பாத்தேன், அதாவது பி 0.0083க்கு கீழ வரணும், ஒண்ணு கூட வரல, கரெக்‌ஷனே இல்லாம பாத்தாலும் வரல!! கைடு கிட்ட கேட்டா "இன்டராக்‌ஷன் இருக்குன்னு எழுதிடு"ங்கறாங்க, எனக்கு மனசு ஒப்பல.

இன்டராக்‌ஷன்ங்கறது வித்தியாசத்துக்கு நடுவுல இருக்கற வித்தியாசம், ஜோடி ஜோடியா பாக்கறது வேற கேள்வின்னு அரைகுறையா புரியுது. அப்போ ஆறு ஜோடிக்கு பதிலா சிம்பிள் எஃபெக்ட் ரெண்டு (வார்த்தைல மட்டும் தூக்கத்தோட தாக்கம், படத்துல மட்டும் தூக்கத்தோட தாக்கம்) மட்டும் பாக்கலாமா, இல்ல ரிசல்ட்ட பாத்துட்டு டெஸ்ட்ட மாத்தறது பி-ஹேக்கிங் (சிக்னிஃபிகன்ட் வர்ற வரைக்கும் டெஸ்ட்ட மாத்தி மாத்தி பாக்கறது) ஆயிடுமா? டிஸ்கஷன்ல இத எப்படி நேர்மையா எழுதறது? 0.046ங்கறதே நூலிழைல தப்பிச்சது வேற 😩