அம்மாவின் சிகிச்சை: நம் வீட்டுக் குழு

செல்வி, 11:40
அம்மாவை வெளியே அழைத்து வந்துவிட்டார்கள். ஆனால் படபடப்பைக் கிளப்பும் இடத்தைச் சுடும் அப்லேஷன் நடக்கவில்லை, பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

அண்ணன், 11:42
ஏன்? ரத்தக்குழாய் கிழிந்துவிட்டதா? மறைக்காமல் சொல்.

செல்வி, 11:47
இல்லை அண்ணா. டாக்டர் படத்தையே காட்டினார். தொடையில் விட்ட கம்பி முதுகெலும்பை ஒட்டியே ஏறி, இதயத்தின் நிழலைத் தாண்டிப் போய், கைத்தடியின் பிடிபோல வளைந்து மேலிருந்து இறங்குகிறது.

மதி, 11:55
அத்தை, அது பிறவியிலேயே அமைந்த பாதை. எங்கள் கேத் லேபில் (இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் அறை) ஒருமுறை பார்த்திருக்கிறேன். உடலின் கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் கீழ்ப்பெருஞ்சிரையில், கல்லீரலை ஒட்டிய ஒரு துண்டு பாட்டிக்கு உருவாகவே இல்லை. கால்களின் ரத்தம் முதுகெலும்பை ஒட்டியுள்ள அசைகஸ் சிரை வழியாகச் சுற்றி, மேலிருந்து இதயத்துக்குள் இறங்கும் மேற்பெருஞ்சிரையில் சேர்கிறது.

சித்தி, 11:58
மூன்று பிள்ளை பெற்றவள் அக்கா! இத்தனை காலம் தெரியாமலா இருந்தது? போன மாதம் எக்கோ எடுத்தார்களே?

மதி, 12:04
ரத்தம் தடையில்லாமல் போய்ச் சேர்வதால் தொந்தரவே இருக்காது, சின்னப் பாட்டி. எக்கோவில் அறைகளையும் வால்வுகளையும்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். இது எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

நிறுத்தியதற்காக அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். சுட வேண்டிய இடத்துக்கும், மேலறையின் மின்துடிப்பைக் கீழறைக்குக் கடத்தும் ஏவி கணுவுக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். அவ்வளவு சுற்றி வந்த குழாயின் முனை ஓரிடத்தில் நிற்காது. நழுவிக் கணுவைச் சுட்டுவிட்டால் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மின்தொடர்பு அறுந்துபோகும். பிறகு வாழ்நாள் முழுவதும் பேஸ்மேக்கர்தான்.

அண்ணன், 12:07
அப்படியானால் இனி வழியே இல்லையா? படபடப்பு வரும்போது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது கண்ணிலேயே இருக்கிறது.

மதி, 12:12
இருக்கிறது அப்பா. முதலில் சிடி ஸ்கேனில் பாதையைப் பார்த்துவிட்டு, கழுத்துச் சிரை வழியாக மேலிருந்து இறங்கலாம். பாட்டிக்கு வலப்பக்கத்துக் கோளாறு என்பது நல்லகாலம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக, அதாவது மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறாக இருந்தால் இடைச்சுவரைத் துளைத்து இடது மேலறைக்குள் போக வேண்டும். வழக்கமான ஊசியின் வளைவே கீழிருந்து வருவதற்கென்று அமைந்தது. குறி தவறினால் இதய உறைக்குள் ரத்தம் கசிந்து இதயத்தையே நெருக்கிவிடும்.

செல்வி, 12:31
மதி, தொடையில் எலுமிச்சை அளவுக்கு வீங்கியிருக்கிறது!

மதி, 12:31
உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை அந்த இடத்தை அழுத்திப் பிடியுங்கள். கால் நீட்டியே இருக்கட்டும், பாட்டியை எழுந்திருக்க விடாதீர்கள்.

செல்வி, 12:58
இருபது நிமிடம் அழுத்திப் பிடித்தார்கள். வீக்கம் கூடவில்லை, ரத்த அழுத்தமும் சரியாக இருக்கிறது. அம்மா, "அந்தக் கைத்தடிப் படத்தை எனக்கும் காட்டச் சொல்" என்கிறார்.