தாத்தாவோட ஐபாட் கார்ல பாடணும் (குடும்ப குரூப்)

அண்ணன்: எல்லாருக்கும் ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை ராத்திரி மாயவரம் பக்கத்து குத்தாலம் கிளம்புறோம்ல, தாத்தா காலைலேர்ந்து ஒரே பேச்சு, என் நாயனத்த கார்ல போட்டு விடுறான்னு. அந்த நாதஸ்வர ரெக்கார்டிங் எல்லாம் அந்த பழைய ஐபாட்ல தான் இருக்கு. யூஎஸ்பி வயர்ல சொருகினா சார்ஜ் ஏறுது ஆனா ஸ்டீரியோல பாட்டே காட்ட மாட்டேங்குது

அத்தை: அப்பா கேட்டா செஞ்சு குடுத்துடுப்பா. அதுல ரேடியோலேர்ந்து எடுத்ததும் இருக்கு, நம்ம கோயில் திருவிழால அப்பாவே டேப் ரெக்கார்டர தூக்கிட்டு போய் உக்காந்து பிடிச்சதும் இருக்கு

பெரம்பூர் மாமா: எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கு. சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகுற ஐட்டம், சின்ன ரேடியோ ஸ்டேஷன் மாதிரி வேல செய்யும், கார் ரேடியோல அதே நம்பர வச்சா பாட்டு வந்துடும். என் பழைய வண்டில அது தான் ஓடுச்சு

தம்பி: ப்ளூடூத் கனெக்ட் பண்ண வேண்டியது தானே

அண்ணன்: அது சக்கரம் வச்ச பழைய மாடல்டா, ப்ளூடூத்தே கிடையாது

குரோம்பேட்டை சித்தப்பா: இப்ப தான் ஆபீஸ்லேர்ந்து வந்தேன், எல்லாத்தையும் படிச்சேன். யூஎஸ்பில ஏன் வரலன்னா, ஐபாட்ல பாட்டெல்லாம் ஒளிச்சு வச்ச ஃபோல்டர்ல எஃப்00 எஃப்01னு பிரிச்சு, ஃபைல் பேரையே நாலு எழுத்தா மாத்தி போட்டிருக்கும், எந்த பாட்டு எங்க இருக்குன்னு அதுக்குள்ள இருக்கற லிஸ்டுக்கு தான் தெரியும். ஐபாட் சப்போர்ட் உள்ள ஸ்டீரியோ அந்த லிஸ்ட கேட்டு வாங்கிக்கும், உன் வண்டில இருக்கறது அப்படி இல்ல, அதான் கரண்ட் மட்டும் குடுத்துட்டு சும்மா இருக்கு. ஐபாட் மேல தப்பில்ல

குரோம்பேட்டை சித்தப்பா: டாஷ்போர்டுல ஆக்ஸ்னு எழுதி ஹெட்ஃபோன் ஓட்ட மாதிரி ஒண்ணு இருக்கா பாரு

அண்ணன்: இருக்கு சித்தப்பா, கியர் பக்கத்துல, ரப்பர் மூடி போட்டு

குரோம்பேட்டை சித்தப்பா: அப்ப வேற எதுவும் வேணாம். ரெண்டு பக்கமும் 3.5 எம்எம் பின் உள்ள வயர் ஒண்ணு போதும்

பெரம்பூர் மாமா: மாப்ளே டிரான்ஸ்மிட்டர் ஏன் வேணாங்கறீங்க, வயர் தொல்லையே இல்லையே

குரோம்பேட்டை சித்தப்பா: ஆக்ஸ் இல்லாத வண்டிக்கு அது நல்ல வழி தான் மச்சான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா சென்னைல 91.1, 92.7, 93.5, 98.3, 101.4, 106.4ன்னு ஒவ்வொரு இடமும் ஆளுங்க பிடிச்சு வச்சிருக்காங்க, 88 பக்கம் தேடி காலி இடம் கண்டுபிடிச்சாலும் ஊர் மாற மாற அந்த காலி இடமும் மாறும், திண்டிவனம் தாண்டி நடுவுல வேற ஸ்டேஷன் ஏறி வந்தா தாத்தா முகம் சுருங்கிடும். அது பழைய கேசட்டு ரெக்கார்டிங், அதுலயே ஏற்கனவே இரைச்சல் இருக்கு, மேல ரேடியோ இரைச்சலயும் ஏன் ஏத்தணும்

பெரம்பூர் மாமா: சரி தான் 👍

அண்ணன்: வயர் எங்க வாங்குறது

தம்பி: ரிச்சி ஸ்ட்ரீட் போனா எல்லாம் இருக்கும்ணா, நான் காலேஜ் முடிஞ்சு சிந்தாதிரிப்பேட்டை இறங்கி வாங்கிட்டு வரேன்

குரோம்பேட்டை சித்தப்பா: வாங்கும்போது பின்ன பாரு. கருப்பு வளையம் ரெண்டு இருக்கணும். மூணு வளையம் இருந்தா மைக்கும் சேர்ந்தது, அது வேணாம். பின்னுக்கு பின்னாடி இருக்கற பிளாஸ்டிக் மெலிசா இருக்கணும், தடியா இருந்தா அந்த ரப்பர் மூடி குழில இடிச்சு முழுசா உள்ள போகாது. ரொம்ப நீளமும் வேணாம், முன் சீட்டு வரைக்கும் எட்டினா போதும், கியர்ல சுத்திக்கும்

தம்பி: ஓகே சித்தப்பா

அண்ணி: சாயந்திரம் டெஸ்ட் பண்ணோம், வீட்ல இருந்த ஒரு வயர வச்சு. அத்தைக்காக ஒரு சினிமா பாட்டு போட்டா மியூசிக் எல்லாம் கேக்குது பாடுறவங்க குரல் மட்டும் காணோம், எங்கேயோ கிணத்துக்குள்ள பாடற மாதிரி எக்கோ மட்டும் வருது. ஐபாட் கெட்டுப்போச்சா?

குரோம்பேட்டை சித்தப்பா: கெட்டுப்போகலம்மா. பின் முழுசா உள்ள போகல, இல்லன்னா வயர் உள்ள லெஃப்ட் ரைட் ரெண்டுக்கும் பொதுவான கிரவுண்ட் கம்பி விட்டு போயிருக்கு. பாடறவங்க குரல் லெஃப்ட் ரைட் ரெண்டுலயும் சமமா பதிஞ்சிருக்கும், கிரவுண்ட் தொடலன்னா அந்த சமமா இருக்கறது ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கிட்டு காணாம போயிடும், ரெண்டு பக்கமும் வித்தியாசமா இருக்கறது மட்டும் மிஞ்சும், அதான் எக்கோ. டக்குன்னு சத்தம் வர வரைக்கும் அழுத்தி சொருகி பாரு, வரலன்னா தம்பி வாங்கிட்டு வர புது வயர்ல சரியாயிடும்

(மறுநாள்)

தம்பி: வயர் வந்துடுச்சு, குரல் வந்துடுச்சு!!

அப்பா: நானும் தாத்தாவும் கார்ல உக்காந்து கேட்டோம். நல்லா இருக்கு. ஆனா பின்னாடி ஊஊஊனு ஒரு சத்தம். நான் முதல்ல நாயனத்துக்கு சுருதி பிடிக்கற ஒத்து ஊதறாங்கன்னு தான் நெனச்சேன், தாத்தா உடனே சொல்லிட்டாரு, ஒத்து இப்படி ஏறி இறங்காதுடா, சுருதி ஆடாம நிக்கும், இது வேற என்னமோன்னு. பெரியவன் ஆக்சிலேட்டர மிதிச்சா அந்த சத்தமும் கூடவே ஏறுது

குரோம்பேட்டை சித்தப்பா: அண்ணா, அப்பா காது இந்த வயசுலயும் எப்படி இருக்கு பாருங்க. அது ஆல்டர்னேட்டர் சத்தம், இஞ்சினோட சுத்தி காருக்கு கரண்ட் குடுக்கறது. ஐபாட அப்ப சார்ஜர்ல போட்டிருந்தீங்களா?

அப்பா: ஆமா, சாக்கெட்ல சார்ஜர் சொருகி இருந்துச்சு

குரோம்பேட்டை சித்தப்பா: அதான் காரணம். சார்ஜர் வழியா ஒரு கிரவுண்ட், ஆக்ஸ் வயர் வழியா இன்னொரு கிரவுண்ட், ரெண்டும் சேர்ந்து ஒரு வளையமா ஆயிடுது, இஞ்சின் கரண்டுல இருக்கற ஏத்த இறக்கம் அந்த வளையத்துல ஓடி நேரா பாட்டுக்குள்ள வந்துடுது. சார்ஜர கழட்டுங்க, கழட்டின உடனே சத்தம் போகணும்

அண்ணன்: போயிடுச்சு சித்தப்பா!! சுத்தமா இருக்கு

அண்ணன்: ஆனா ராத்திரி முழுக்க பாடினா பேட்டரி நிக்குமா? பழசு

குரோம்பேட்டை சித்தப்பா: கிளம்பறதுக்கு முன்னாடி வீட்ல ஃபுல் சார்ஜ் போடு. காபி குடிக்க நிறுத்துற இடத்துல பாட்ட நிறுத்திட்டு பவர்பேங்க்ல போடு. ஓடிக்கிட்டே சார்ஜ் ஏறணும்னாலும் பவர்பேங்க் தான், அது கார் கரண்ட தொடாது, அதனால அந்த வளையமே உருவாகாது. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்னு சின்ன டப்பா விக்கறாங்க, வயருக்கு நடுவுல போடறது, அதுவும் வேல செய்யும், ஆனா மட்டமான டப்பான்னா கீழ் சத்தத்த குறைச்சிடும், தவில் அடி அப்புறம் டப்பு டப்புனு காகிதத்துல தட்டுற மாதிரி இருக்கும். நமக்கு அது தேவையில்ல

குரோம்பேட்டை சித்தப்பா: வால்யூம பத்தி சொல்லிடறேன், இது தான் நெறைய பேர் கவனிக்காதது. ஐபாட்ல வால்யூம முக்காலுக்கு மேல, ஃபுல்லுக்கு கொஞ்சம் கீழ வச்சிட்டு அப்படியே விட்டுடு, ஏத்தறது குறைக்கறது எல்லாம் கார் ஸ்டீரியோல மட்டும். ஐபாட்ல கம்மியா வச்சு கார்ல ஏத்தினா பாட்டோட சேர்ந்து புஸ்ஸுனு இரைச்சலும் ஏறும், ஐபாட்ல ஃபுல்லா வச்சா நாயனம் உச்சத்துக்கு போகும்போது கரகரன்னு உடையும். ஈக்வலைசர் ஐபாட்ல ஆஃப்ல இருக்கட்டும். ஆக்ஸ்லேர்ந்து ரேடியோவுக்கு மாத்தறதுக்கு முன்னாடி கார் வால்யூம கண்டிப்பா குறைச்சிடு, இல்லன்னா தூங்கற குழந்தைங்க பதறி எழுந்துடும்

அண்ணி: இத ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிக்கிறேன் சித்தப்பா

தம்பி: இவ்ளோ எதுக்கு சித்தப்பா, எல்லாத்தையும் பென்டிரைவ்ல காப்பி பண்ணிட்டா யூஎஸ்பிலயே பாடுமே

குரோம்பேட்டை சித்தப்பா: காப்பி கண்டிப்பா எடுக்கணும்டா, அத நீயே செய். அந்த கேசட்டெல்லாம் பூஞ்சை பிடிச்சு போயாச்சு, ஐபாடும் 2022ல விக்கறதயே நிறுத்திட்டாங்க, உள்ள சுத்தற டிஸ்க் ஒரு நாள் நின்னா தாத்தா பிடிச்ச அந்த திருவிழா நாயனம் உலகத்துல வேற எங்கயும் கிடையாது. ஆனா ஐபாட்லேர்ந்து எடுக்காத, அந்த நாலு எழுத்து பேர்ல தான் வரும், அண்ணன் லேப்டாப்ல ஒரிஜினல் ஃபோல்டர் இருக்கும், அதுலேர்ந்து எடு. பென்டிரைவ ஃபேட் 32ல ஃபார்மட் பண்ணு, மத்தது நெறைய கார் ஸ்டீரியோல படிக்காது. ஃபைல் பேருக்கு முன்னாடி 01 02ன்னு நம்பர் போட்டு அதே வரிசைல காப்பி பண்ணு, சில ஸ்டீரியோ பேர பாக்காது, எது முதல்ல எழுதப்பட்டுச்சோ அத முதல்ல பாடும், வரிசை மாறினா முதல்ல வர வேண்டிய ஆலாபனை பல்லவி முடிஞ்சு வரும்

குரோம்பேட்டை சித்தப்பா: இந்த தடவ கார்ல ஐபாடே இருக்கட்டும்னு சொல்றதுக்கு காரணம், அந்த தோடி ராக ஆலாபனைய கம்ப்யூட்டர்ல ஏத்தினப்ப நாலஞ்சு துண்டா வெட்டிட்டாங்க. ஐபாட் அத இடைவெளி இல்லாம ஒட்டி பாடும். நம்ம கார் ஸ்டீரியோ பென்டிரைவ்ல ஒவ்வொரு துண்டுக்கும் நடுவுல ஒரு செகண்டு நின்னு நின்னு போகும். ராஜரத்தினம் பிள்ளை தோடில ஒரு பிடிய பிடிச்சு மேல ஏறிட்டு இருக்கும்போது நடுவுல மௌனம் விழுந்தா தாத்தாவால தாங்க முடியாது, எனக்கும் முடியாது

அத்தை: உண்மை தாண்டா தம்பி. சின்ன வயசுல அந்த டேப் ஓடும்போது யாராவது குறுக்க பேசினாலே அப்பாவுக்கு கோவம் வரும்

அம்மா: தாத்தாவ எங்க உக்கார வைக்கறது?

அப்பா: முன்னாடி. அவருக்கு இடது காது தான் நல்லா கேக்குது, முன் சீட்ல உக்காந்தா அந்த கதவு ஸ்பீக்கர் இடது காது பக்கம் வரும். பின்னாடி ஸ்பீக்கர குறைச்சிட்டா குழந்தைங்க தூங்கலாம்

குரோம்பேட்டை சித்தப்பா: சரியா சொன்னீங்கண்ணா, ஸ்டீரியோல ஃபேடர்னு இருக்கும், அத முன்னாடி தள்ளிடுங்க. ட்ரெபிள கொஞ்சம் குறைங்க, நாயனம் கிட்டத்துல காத குத்தும். ஐபாட் மேல ஹோல்ட்னு ஒரு சின்ன பட்டன் இருக்கு, பாட்டு போட்ட உடனே அத தள்ளி விட்டுடுங்க, தாத்தா கை சக்கரத்துல பட்டா வால்யூம் எகிறிடும்

அத்தை: கும்பகோணம் தாண்டும்போது விடிஞ்சிடும்ல? ஆடுதுறை தாண்டி நரசிங்கம்பேட்டை வரப்ப அந்த கோயில் நாயனத்த போடுங்க. அப்பா வாசிக்கறவங்களோட அந்த ஊருக்கு போய் ஆச்சா மரத்துல நாயனம் கடையறத பக்கத்துல நின்னு பாத்திருக்காரு

அப்பா: அந்த நாயனத்துக்கு 2022ல புவிசார் குறியீடு குடுத்தப்ப பேப்பர்ல வந்த செய்திய வெட்டி வச்சிருக்காரு, இன்னும் டைரில இருக்கு

அண்ணன்: அப்ப தனி ப்ளேலிஸ்ட் போட்டுடறேன். முதல்ல தோடி, அப்புறம் ரேடியோ கச்சேரி, நரசிங்கம்பேட்டைக்கு திருவிழா. ஷஃபில் ஆஃப்

பெரம்பூர் மாமா: கோயில் வாசல்ல நிறுத்திட்டு ஐபாட கார்லயே விட்டுட்டு போயிடாதீங்க, வெயில்ல மூடின கார் அடுப்பு மாதிரி ஆயிடும்

குரோம்பேட்டை சித்தப்பா: மச்சான் சொன்னது முக்கியம். 45 டிகிரிக்கு மேல அத வைக்கவே கூடாதுன்னு கம்பெனியே சொல்லுது, மூடின கார்ல அது சீக்கிரம் தாண்டிடும், பேட்டரி உப்பிடும். அண்ணி ஹேண்ட்பேக்ல போட்டுக்கோங்க

அண்ணி: சரி, என் பொறுப்பு

குரோம்பேட்டை சித்தப்பா: வண்டி ஓட்டறவன் ஐபாட தொடக்கூடாது. எதாவது மாத்தணும்னா பின்னாடி இருக்கறவங்க கைல வாங்கி மாத்துங்க

அண்ணன்: கண்டிப்பா சித்தப்பா. தம்பி நீ நாளைக்குள்ள பென்டிரைவ் காப்பி முடிச்சு சித்தப்பா வீட்ல ஒண்ணு, அத்தை வீட்ல ஒண்ணு குடுத்துடு

தம்பி: ஓகேண்ணா, லேப்டாப் பாஸ்வேர்ட் அனுப்பு