கடலோர ஈரப்பதத்தில் பிஎம் 2.5 அளவைத் திருத்துவது எப்படி?

வணக்கம். சென்னையில் கடற்கரையை ஒட்டிய எங்கள் மொட்டைமாடியில், விலை குறைந்த லேசர் சென்சார் வைத்து பிஎம் 2.5 (காற்றில் மிதக்கும், 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்கள்) அளக்கிறேன். காற்றை உலர்த்தும் வசதி அதில் கிடையாது. விடியற்காலையில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடும்போது அளவு எகிறுகிறது. வெயில் ஏறியதும் இறங்கிவிடுகிறது. மாசு நிஜமாகவே கூடுகிறதா, இல்லை துகள்கள் தண்ணீர் குடித்துப் பருத்து ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றனவா? தெருவில் வீசிங் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த எண்ணைப் பார்த்துத்தான் அவர்களை வெளியே விடுகிறார்கள்.

துகள் எவ்வளவு தண்ணீர் ஈர்க்கும் என்பதைக் காட்டும் எண்தான் கப்பா. அதன் சூத்திரத்தில் 0.3 போட்டால், 90 சதவீத ஈரப்பதத்தில் துகளின் கன அளவு உலர்ந்த நிலையைப் போல 3.7 மடங்கு வருகிறது. 0.3 என்பது உள்நாட்டுக் காற்றுக்குப் பொருந்தும். இங்கே கடல் உப்பும் சேருமே! உப்பு சுமார் 75 சதவீதத்தில் கரைகிறது; காயும்போதோ 45 சதவீதம் வாக்கில் இறங்கினால்தான் மறுபடி படிகமாகிறது. எங்கள் மாடியில் ஈரப்பதம் அவ்வளவு இறங்குவது அபூர்வம். அப்படியானால் உப்புத்துகள் நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும் என்று கொள்ளலாமா?

கடலோர ஊர்களில் இந்தத் திருத்தம் செய்தவர்கள் எந்தக் கப்பா மதிப்பை எடுத்தீர்கள்? அப்புறம், சென்சாருக்குக் காற்றை உள்ளிழுக்கும் குழாயைச் சூடாக்கி ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தவர்கள், துகள்களில் உள்ள அம்மோனியம் நைட்ரேட் சூட்டில் ஆவியாகிவிடாமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்?