மேக்ல எஸ்சிபி போட்டா ஸ்டார் வேலை செய்யல, ஃபைல் சர்வர்ல இருக்கு!

மேக்குக்கு_புதுசு:
வணக்கம் மக்களே, இத்தனை நாளா உபுண்டு லினக்ஸ் தான், போன வாரம் ஆபீஸ்ல மேக் குடுத்துட்டாங்க. லினக்ஸ் சர்வர்ல இருக்க ரிப்போர்ட் எல்லாத்தையும் தினமும் எஸ்சிபில (வேற மெஷின்ல இருந்து ஃபைல் காப்பி பண்ற கமாண்ட்) *.சிஎஸ்வி-ன்னு, அதாவது சிஎஸ்வி-ன்னு முடியுற எல்லா ஃபைலும்னு குடுத்து ஒரே அடியா இழுத்துப்பேன், ரெண்டு வருஷமா அதே லைன். இப்ப அதையே மேக்ல பேஸ்ட் பண்ணா 'நோ மேட்சஸ் ஃபவுண்ட்'ங்குது. சர்வர் உள்ள போய் பாத்தா ஃபைல் எல்லாம் குத்துக்கல்லாட்டம் இருக்கு. பாஸ்வேர்ட் கூட கேக்கல. பர்மிஷன் பிரச்சனையா?

பழைய_யூனிக்ஸ்_ஆளு:
பாஸ்வேர்டே கேக்கலன்னா சர்வர் வரைக்கும் போகவே இல்ல. ஸ்டாரை முதல்ல பாக்குறது எஸ்சிபி இல்லீங்க, உங்க ஷெல், அதாவது நீங்க டைப் பண்ற கமாண்டை வாங்கி ஓட்டுற புரோகிராம். உபுண்டுல பாஷ், மேக்ல 2019ல வந்த கேட்டலினா ஓஎஸ் வெர்ஷன்ல இருந்து இசட்-ஷெல். பாஷ் உங்க மெஷின்லயே தேடும், எதுவும் பொருந்தலன்னா ஸ்டாரை அப்படியே எஸ்சிபி கைல குடுத்துட்டு ஒதுங்கிக்கும், இசட்-ஷெல் அங்கயே எரர் போட்டு நிறுத்திடும். அதாவது ரெண்டு வருஷமா உங்க லைன் பாஷ் புண்ணியத்துல ஓடிருக்கு 😄 யூசர் பேர்ல ஆரம்பிச்சு ஸ்டார் பேட்டர்ன் முடியுற வரைக்கும் மொத்தமா சிங்கிள் கோட்ஸ்குள்ள போடுங்க.

மேக்குக்கு_புதுசு:
வந்துடுச்சு, நன்றிண்ணா! ஆனா 31ல 19 தான் வந்துச்சு. வராததெல்லாம் விண்டோஸ் மெஷின்ல இருந்து வர்றது, கடைசில சிஎஸ்வி பெரிய எழுத்துல இருக்கு.

விண்டோஸ்_வாசி:
எங்க ஆளுங்க வேலை தான் அது. விண்டோஸ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து ரெண்டும் ஒண்ணு, லினக்ஸ்ல வேற வேற ஃபைல். ரெண்டு பேட்டர்னையும் தனித்தனி கோட்ஸ்ல ஒரே கமாண்ட்ல குடுங்க. அப்புறம் இந்த கோட்ஸ் லைனை விண்டோஸோட கமாண்ட் விண்டோவான சிஎம்டில ஓட்டிடாதீங்க, அதுக்கு சிங்கிள் கோட்ஸ் தெரியாது, பேரோட சேந்த எழுத்துன்னு எடுத்துக்கும், டபுள் தான் போடணும்.

பழைய_யூனிக்ஸ்_ஆளு:
கொஞ்சம் இருங்க, மேக் டிஸ்க்கும் டீஃபால்ட்டா விண்டோஸ் மாதிரி தான். ஒரே பேர்ல பெருசு ஒண்ணு சிறுசு ஒண்ணு இருந்தா பின்னாடி வர்றது முன்னாடி வந்ததை சத்தமில்லாம அழிச்சுடும். ரெண்டு ஃபோல்டர்ல இறக்குங்க.

மேக்குக்கு_புதுசு:
ஐயையோ, பாத்துட்டேன், அப்படி மூணு ஜோடி இருக்கு. தனி ஃபோல்டர்லயே இறக்கிட்டேன், 31ம் வந்துடுச்சு.