இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் வாரச் சமையலை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி (காரைக்குடி):
எங்களுக்கு ஆறு வயதிலும் பத்து வயதிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். காலை ஏழரை மணிக்குள் பலகாரமும் இரண்டு டிபன் பாக்ஸும் தயாராக வேண்டும். கிடைக்கும் வாரப் பட்டியல்கள் எல்லாம் வேளைக்கொரு புதுப் பதார்த்தம் கேட்பதால், புதன்கிழமையைத் தாண்டுவதில்லை. நடைமுறைக்கு ஒத்துவரும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில் (தேவகோட்டை):
பதார்த்தங்களைப் பட்டியலிடுவதை விட்டுவிட்டு, எந்த நாளில் மாவு அரைப்பது, எந்த நாளில் குழம்பு கூட்டுவது என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள். ஞாயிறு மாலை நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று அரைத்துப் புளிக்கவைத்துப் பிரிட்ஜில் வைத்தால், திங்களன்று இட்லி, செவ்வாயன்று தோசை, சற்றே புளிப்பேறும் புதனன்று சின்ன வெங்காயம் வதக்கிச் சேர்த்த குழிப்பணியாரம் என ஒரே மாவு மூன்று காலைகளுக்கு வந்துவிடும். குழிப்பணியாரம் ஆறினாலும் மெத்தென்றிருப்பதால் டிபன் பாக்ஸுக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. மாவு தீர்ந்துவிட்டால் வெள்ளைப் பணியாரம் இருக்கிறது: ஒரு டம்ளர் பச்சரிசியின் மேல் கோபுரமாக நிற்குமளவு உளுந்து வைத்து, இரண்டு மணி நேரம் ஊறவைத்து அரைத்தால் போதும், புளிக்கவைக்க வேண்டியதில்லை. எண்ணெயில் பொரிப்பதென்பதால் அதை அடிக்கடி செய்ய வேண்டாம்.

இரவுக்கு, அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து வெண்டைக்காய் மண்டி என்னும் புளிக்குழம்பை வைத்துவிடுங்கள். புளிப்பு இருப்பதால் பிரிட்ஜில் மறுநாளும் நன்றாக இருக்கும்.

பதில் (புதுவயல்):
மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் அதில் அரிசியே மிகுதி. முந்தின இரவே கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ ஊறப்போட்டுவிட்டால், குக்கரில் வெந்த சுண்டலை மாலைப் பசிக்குக் கொடுக்கலாம். முட்டை சாப்பிடுகிற வீடென்றால் வேலை இன்னும் எளிது. கலவைச் சாதத்துக்காக இரவே சோறு வடிப்பவர்கள் அதை இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்துப் பிரிட்ஜில் வைப்பது அவசியம், ஏனெனில் வெளியே கிடக்கும் சோற்றில் பாசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமி உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மண்டியின் காரத்தைச் சின்னவள் தாங்குவாளா?

பதில் (தேவகோட்டை):
மிளகாயைக் கீறாமல் முழுதாகப் போட்டு, அவளுக்கு ஊற்றும்போது எடுத்துவிடுங்கள். சோற்றில் கொஞ்சம் பருப்பும் நெய்யும் பிசைந்து கொடுத்தால் சாப்பிட்டுவிடுவாள்.